பின்னேரக் கள்ளும் பிரசல்ஸ் போத்தலும்

“மச்சான், இது பின்னேரக் கள்ளு.”

முதல் மிடறு உள்ளே போனதும் எங்களில் ஒருவன் சொன்னது இதுதான். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். சொன்னவன் சிரிக்கவில்லை. கிளாசைத் திரும்பவும் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்துவிட்டு, “பகிடிக்குச் சொல்லேல்ல, உண்மையாத்தான்” என்றான்.

போத்தல் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். எங்களில் ஒருத்தியின் பெரியம்மாவின் மகன் பாரிஸில் இருக்கிறார். போன பங்குனியில் ஊருக்கு வந்தவர், “நீங்கள் படம் பாத்தாலும் எழுதுறியள், புத்தகம் வாசிச்சாலும் எழுதுறியள், இதையும் குடிச்சுப் பாத்து எழுதுங்கோவன்” என்று இரண்டு சாமான் தந்துவிட்டுப் போனார். ஒன்று, பிரசல்ஸ் நகரத்தில் கான்தியோன் என்ற சின்னப் பியர் ஆலை செய்யும் ‘கியூஸ்’. 750 மில்லிலீற்றர், தக்கை அடித்து அதுக்கு மேலே தகர மூடியும் போட்ட கனத்த போத்தல். மற்றது, பாரிஸ் பக்கத்துச் சின்ன ஆலை ஒன்று ஒரே ஒரு தரம் மட்டும் காய்ச்சிய வடிகட்டாத லாகர், இரண்டு ரின்.

நாங்கள் நாலுபேர். இரண்டு பெடியள், இரண்டு பெட்டையள். நாலுபேரும் 21 வயது தாண்டியவர்கள் (அம்மா வாசிப்பா என்பதால் இதைப் போட்டு வைக்கிறோம்). இடம், திருநெல்வேலியில் பெடியள் வாடகைக்கு இருக்கிற வீட்டின் பின் விறாந்தை. நேரம், சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணி. ஆறு மணிக்கு முதல் பெட்டையள் வீட்டுக்குப் போகவேணும்.

லாகரில் தொடங்கினோம். மெல்லிய சுவையை முதலும் கடும் சுவையைப் பிறகும் குடிக்கச் சொல்லி அண்ணா சொல்லியிருந்தார். ரின்னை உடைத்து ஊத்தினால் நிறம் வடிவு, நுரை வடிவு. வாயில் வைத்தால் மழையில் நனைந்த காட்போட் பெட்டியைச் சப்பின மாதிரி. லாகரில் பிழை இல்லை. பிழை எங்களில். வடிகட்டாத, சூடுகாட்டாத பியர் குளிரிலேயே இருக்கவேணும். இது விமானத்தில் வந்து, கட்டுநாயக்காவில் இருந்து பஸ்ஸில் வந்து, பிறகு பங்குனி வெக்கையில் ஒரு கிழமை அலுமாரிக்கு மேலே இருந்திருக்கிறது. சூடு ஏற ஏற, உள்ளே இருக்கிற சொட்டு ஒட்சிசன் தன் வேலையைக் காட்டிவிடும். இரண்டாவது ரின்னையும் உடைத்துப் பார்த்தோம். அதுவும் செத்துப்போய்த்தான் இருந்தது.

அதற்காக லாகரைக் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை. ‘லாகேர்ன்’ என்ற ஜேர்மன் சொல்லுக்குச் சேமித்து வைத்தல் என்று அர்த்தம். 10 பாகை செல்சியஸ் அளவில் ஆறுதலாக நொதிக்க விட்டு, பிறகு உறைநிலைக்குக் கிட்டக் குளிரில் கிழமைக்கணக்காகக் கிடக்க விடுவார்கள். மற்றப் பியர்கள் இரண்டு மூன்று கிழமையில் வெளியே போய்விட, லாகர் அதே தொட்டியை ஒன்றரை, இரண்டு மாதம் பிடித்துக்கொண்டு இருக்கும். நாலைந்து தொட்டி மட்டும் வைத்திருக்கிற சின்ன ஆலைக்கு அது பெரிய நட்டம். இன்னொன்று, பழமும் வாசனைச் சரக்கும் போட்ட பியரில் ஒரு பிழை இருந்தால் ஒளிக்க இடம் இருக்கும். லாகரில் ஒளிக்க இடமே இல்லை. வெறும் சோறு மாதிரி. குழைந்தால் குழைந்ததுதான். இதையெல்லாம் தெரிந்துகொண்டும் ஒரு சின்ன ஆலை லாகர் காய்ச்சுதென்றால் அதுக்குக் கொஞ்சம் துணிச்சல் வேணும். அந்தத் துணிச்சலைக் கொண்டுவந்து எங்கள் அலுமாரிக்கு மேலே வைத்துச் சாகடித்ததற்கு மன்னிப்புக் கேட்கிறோம்.

எங்கள் நாட்டில் பியர் என்றால் அநேகமாக லாகர்தான். 1881 இல் நுவரெலியாவில் தொடங்கிய லயன் கம்பனி இப்போது பியகமையில் இருந்து இயங்குகிறது. டென்மார்க்கின் கார்ள்ஸ்பேர்க்கையும் அனுமதி பெற்று அவர்கள்தான் இங்கே காய்ச்சுகிறார்கள். அந்தக் கார்ள்ஸ்பேர்க் பெயரைக் கொஞ்சம் தோண்டினால் ஒரு ஆய்வுகூடம் வரும். கொப்பன்ஹேகனில் 1875 இல் தொடங்கியது. 1883 இல் அங்கே எமில் கிறிஸ்ரியன் ஹான்சன் என்பவர் ஒரே ஒரு மதுவக் கலத்தைத் தனியாகப் பிரித்தெடுத்து, அதிலிருந்து ஒரு தூய வளர்ப்பை உண்டாக்கினார். அதற்கு முதல் பியர் காய்ச்சுகிறவர்களுக்கு ஒவ்வொரு தரமும் பயம். இந்த முறை நல்லா வருமா, புளிக்குமா என்று. ஹான்சனுக்குப் பிறகு புளிப்பு என்பது தவிர்க்கக்கூடிய ஒரு நோய். தூய மதுவத்தைக் கம்பனி காசு வாங்காமல் மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தது. இன்று உலகத்தில் எந்த மூலையில் வாங்கினாலும் லாகர் கிட்டத்தட்ட ஒரே சுவையாக இருக்கிறதற்கு அந்த ஆய்வுகூடம் ஒரு பெரிய காரணம்.

பகிடி என்னவென்றால், அதே கார்ள்ஸ்பேர்க்கில் 1904 இல் கிளவுசன் என்ற இன்னொருவர் ஆங்கிலேயரின் பழைய பியரில் வேறொரு மதுவத்தைக் கண்டுபிடித்தார். ஆறுதலாக வளரும், தோல், கொட்டில், ஈர வைக்கோல் மாதிரி மணம் தரும். பிரெற்றனோமைசிஸ் என்று பெயர் வைத்தார். பெயருக்கு அர்த்தம் ‘பிரித்தானியப் பங்கசு’. மற்ற ஆலைகள் விரட்டுகிற அந்த மதுவத்தை நம்பித்தான் கான்தியோன் மாதிரியான ஆலைகள் இருக்கின்றன.

இப்ப போத்தலுக்கு வருவம்.

தக்கையை எடுக்கப் பட்ட பாட்டைச் சொல்லத் தேவையில்லை. கடைசியில் திருகாணி ஒன்றை ஏற்றிக் குறட்டால் இழுத்தோம். மங்கலான பொன்னிறம். முதலில் மூக்கில் அடித்தது எலுமிச்சந்தோல், பழைய மரப்பெட்டி, பிறகு இன்னொரு மணம். அந்த இன்னொரு மணத்துக்கு எங்கள் மூன்று பேரிடமும் சொல் இருக்கவில்லை. அவனிடம் இருந்தது.

“பின்னேரம் முட்டிக்குள்ள மூக்கை விட்டால் இந்த மணம்தான் வரும்.”

“உனக்கெப்பிடித் தெரியும்?”

“அப்பா சீவுறவர்.”

மூன்று வருசம் ஒரே வகுப்பில் இருக்கிறோம். முதல் வருச அறிமுகத்தில் அவன் ‘அப்பா தோட்டம் செய்யிறவர்’ என்று சொன்னது எங்களுக்கு நல்ல ஞாபகம். ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. சரியாகச் சொன்னால், சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. ஏனென்றால் அந்த மூன்று வருசமும் எங்கள் குழுவுக்குள் ஒரு சொல் ஓடிக்கொண்டிருந்தது. ஆராவது ஆதாரமில்லாமல் ஏதும் அலட்டினால் ‘கள்ளுக்கொட்டில் கதை’ என்போம். நாங்கள்தான் கொண்டுவந்தது. விவாதத்தில், விமர்சனத்தில், வட்சப்பில், எல்லா இடத்திலும் பாவித்தோம். இந்தக் கட்டுரைகளிலேயே இரண்டு மூன்று இடத்தில் கிடக்கும், தேடினால் எடுக்கலாம். அவனும் எங்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறான். சில தரம் அவனே சொல்லியுமிருக்கிறான். யாழ்ப்பாணத்தில் சீவல் தொழிலைச் சொன்னால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும், அது எந்தச் சாதியில் போய் முடியும் என்று தெரிந்தவனுக்கு ‘தோட்டம்’ என்ற சொல் எவ்வளவு வசதி என்பதை நாங்கள் யோசித்தே பார்க்கவில்லை.

அவனே அந்த மௌனத்தை உடைத்தான். “பேந்து முழுசலாம். இது எப்பிடிச் செய்யிறவங்கள் எண்டு வாசி பாப்பம்.”

போனில் தேடி வாசித்தோம். கான்தியோன் 1900 இல் பிரசல்ஸின் ஆண்டர்லெக்ட் பகுதியில் தொடங்கிய குடும்ப ஆலை. முளைகட்டிய பார்லி மூன்றில் இரண்டு பங்கு, முளைகட்டாத கோதுமை மூன்றில் ஒரு பங்கு. அதோடு வருசக்கணக்காக வைத்துக் கைப்பும் மணமும் போன பழைய ஹொப்ஸ் பூ. மணத்துக்காக இல்லை, பற்றீரியா மிஞ்சிப் போகாமல் பிடித்து வைக்கத்தான் அது. காய்ச்சின சாற்றைக் கூரைக்குக் கீழே இருக்கிற ஆழம் குறைந்த, அகலமான செப்புத் தொட்டிக்கு ஏற்றி, ஒரு இரவு முழுக்கத் திறந்து விடுவார்கள். மதுவம் ஒன்றும் போடுவதில்லை. காற்றில் வருவதும் கட்டடத்தில் குடியிருப்பதும் தானாக வந்து விழவேணும். விடிய மரப்பீப்பாய்க்கு மாற்றுவார்கள். இதுதான் லாம்பிக்.

“கூரைக்குள்ள சிலந்தி வலையும் எடுக்கிறேல்லையாம்” என்று ஒருத்தி வாசித்தாள். பழத்தில் மொய்க்கிற ஈயைச் சிலந்தி பிடித்துவிடும், அதனால் சிலந்தியை ஒருவரும் தொடமாட்டார்களாம்.

அவன் தலையாட்டினான். “அப்பா முட்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ விடமாட்டார். அம்மா ஒருக்காத் தெரியாமல் கழுவி நல்லா வாங்கிக் கட்டினவ. பழைய முட்டிக்குத்தான் கள்ளுத் தெரியும் எண்டுவார்.”

பழைய முட்டியின் உட்சுவரில் நேற்றைய மதுவமும் பற்றீரியாவும் குடியிருக்கின்றன. பாளையில் இருந்து சொட்டுச் சொட்டாக விழுகிற இனிப்பு நீர் விழுந்த கையோடு நொதிக்கத் தொடங்கும். அதைத் தடுக்கவேண்டும் என்றால் முட்டிக்குள் சுண்ணாம்பு பூசவேண்டும். அப்போது அது கருப்பணி, காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு இல்லையென்றால் கள்ளு. அதே மரம், அதே பாளை, அதே ஆள்.

பீப்பாய்க்குள் நடக்கிறதை வாசித்தபோது எங்களுக்கு ஒரு தொடர்கதை வாசித்த மாதிரி இருந்தது. முதல் மாதத்தில் வேண்டாத பற்றீரியா கொஞ்ச நாள் ஆட்டம் போடும். பிறகு வழமையான மதுவம் வந்து சீனியைத் தின்று மதுசாரம் ஆக்கும். சில மாதத்தில் பீடியோகொக்கஸ் என்ற பற்றீரியா வந்து புளிப்பை உண்டாக்கும். அந்தக் கட்டத்தில் பியர் சிலவேளை நோய்ப்பட்டுப் போகுமாம். ஊத்தினால் பாணி மாதிரி நூல் நூலாக இழுபடும். ஒருவரும் அதை வெளியே ஊத்துவதில்லை. காத்திருப்பார்கள். கடைசியாக அந்தப் பிரெற்றனோமைசிஸ் வந்து நூலையெல்லாம் கரைத்து, கொட்டில் மணத்தையும் கொடுத்துவிட்டுப் போகும். ஒரு வருசம், இரண்டு வருசம், மூன்று வருசம் கிடந்த லாம்பிக்கைக் கலந்து போத்தலில் அடைத்தால் கியூஸ். இளையதில் மிச்சமிருக்கிற சீனி போத்தலுக்குள்ளேயே நொதித்து நுரையைக் கொடுக்கும். தக்கைக்கு மேலே தகர மூடி ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

எப்போதும் காய்ச்சவும் ஏலாது. ஒக்ரோபர் கடைசியில் இருந்து ஏப்ரல் தொடக்கம் வரை, இரவு குளிர்கிற மாதங்களில் மட்டும்தான். சூடான இரவில் வேண்டாதது எல்லாம் வந்து விழும். வரவர அந்தக் குளிர் மாதங்கள் குறைகின்றன என்று லாம்பிக் காய்ச்சுகிறவர்களே கவலைப்படுகிறார்கள்.

சுவையைப் பற்றி எழுதாவிட்டால் அண்ணா கோவிப்பார். புளிப்பு நாக்கின் இரண்டு பக்கத்தையும் பிடித்து இறுக்கும், ஆனால் வினாகிரிப் புளிப்பு இல்லை. மோர்ப் புளிப்புக்கும் தேசிக்காய்ப் புளிப்புக்கும் நடுவில். இனிப்பு துளிகூட இல்லை. மரத்தின் துவர்ப்புக் கொஞ்சம். மதுசாரம் 5 வீதம்தான், தலைக்கு ஏறவில்லை. நாலில் இரண்டு பேருக்குப் பிடித்தது. ஒருவன் முகத்தைச் சுழித்துவிட்டு நெக்ரோ குடிக்கப் போய்விட்டான். மற்றவள் ஒரு கரண்டி மட்டும் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் கிளாசைத் தள்ளி வைத்தாள். அவளுடைய வீட்டில் அப்பாவின் சாராயப் போத்தலால் உடையாத சாமான் குறைவு. “நீங்கள் மணத்தையும் மரத்தையும் கதையுங்கோ, எனக்கு இது எல்லாம் ஒண்டுதான்” என்றாள். அவளோடு வாதாட எங்களுக்கு விருப்பமில்லை. இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு அவள் சேர்க்கச் சொன்ன ஒரே வசனம் அதுதான். சேர்த்திருக்கிறோம்.

போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். தக்கையைத் திரும்ப அடைத்து வைத்துவிட்டு, அவன்தான் கேட்டான்: “நாளைக்கு விடிய எங்கட வீட்டை வாறியளா? அப்பாட்டக் குடுத்துப் பாப்பம்.”

மூன்று வருசத்தில் அவன் வீட்டுக்கு எங்களைக் கூப்பிட்டது அதுதான் முதல் தரம்.

கூப்பிட்டதும் பெட்டையள் பக்கம் ஒரு சிரிப்பு. தவறணையில் வாங்குகிறது என்றால் எங்களால் ஏலாது. 1979 இல் வந்த கலால் அறிவித்தல் ஒன்றின்படி மதுசாலையில் பெண்களுக்கு மது விற்கக்கூடாது. 2018 ஜனவரியில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர அந்தத் தடையை எடுத்தார். ஒரு கிழமைகூட ஆகவில்லை, ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பப் போடச் சொன்னார். யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கும் கள்ளுக்கும் ஒரே ஒரு மரியாதையான தொடர்பு இருக்கிறது. அப்பம். மாப் புளிக்க வைக்கக் கள்ளு விட்டால்தான் அது அப்பம் என்று அம்மம்மாமார் சொல்லுவார்கள். ஆரையாவது பெடியனைப் பிடித்துச் சின்னப் போத்தலைக் கொடுத்து அனுப்புவார்கள். கள்ளு குசினிக்கு வரலாம், கொண்டு வருகிறவர் படலையோடு நிற்கவேணும். எங்களில் இரண்டு பேரின் வீட்டில் அப்படித்தான் நடந்தது. ஒளிக்க ஒன்றுமில்லை.

ஞாயிறு விடிய ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊர்ப் பெயர் வேண்டாம் என்று அவன் சொன்னான். விஞ்ஞான பீடத்துத் தோழி ஒருத்தியிடம் பி.எச். தாள் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தோம். அமிலத்தை அளக்கிற அந்த பி.எச். அளவுத்திட்டமும் அதே கார்ள்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில்தான் பிறந்தது. 1909 இல் சோரன்சன் என்பவர் உருவாக்கியது. ஓ.எல். வரை படித்தும் பியர் ஆய்வுகூடம் என்று ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

அவனுடைய அப்பாவை எப்படிக் கூப்பிடுகிறது என்பதில் ஒரு தடுமாற்றம். ‘அங்கிள்’ என்று வாய் வரைக்கும் வந்தது. அந்தக் கிணற்றடியில் நின்றுகொண்டு அதைச் சொல்ல ஒரு மாதிரி இருந்தது. அவன் சொல்கிற மாதிரியே ‘அப்பா’ என்றோம். அவர் காலைச் சீவலை முடித்துவிட்டு இறங்கி, தளநாரைக் கழற்றி வேலியில் கொழுவிக்கொண்டிருந்தார். பதினைந்து மரம், ஒரு நாளைக்கு இரண்டு தரம். பாளை ஒரு நாள் சீவாமல் விட்டால் காய்ந்து கட்டிப்பட்டுவிடும், அதனால் காய்ச்சல் என்றாலும் ஏறவேணும். “நல்ல நாள் பெருநாள் எல்லாம் எங்களுக்குத்தான், மரத்துக்கில்லை” என்றார்.

காலைக் கள்ளு. பனையோலையில் மடித்த பிளாவில் வார்த்துத் தந்தார். பெட்டையள் பக்கம் திரும்பி, “பிள்ளையள் குடிக்கிறதோ?” என்று கொஞ்சம் யோசித்தார். அவனுடைய அம்மா குசினிக்குள் இருந்து, “குடுங்கோவன், ஆராய்ச்சிக்குத்தானே வந்திருக்கினம்” என்று குரல் கொடுத்தா. இனிப்பும் நுரையும் இளநீர் வாசமும். புளிப்பு இன்னும் தலைகாட்டவில்லை. தாளை நனைத்தோம். 5 ஆம் நிறத்துக்குக் கிட்ட. பிரசல்ஸ் போத்தலை நனைத்தோம். 3 க்கும் 4 க்கும் இடையில். மத்தியானம் வரைக்கும் நின்று அதே கள்ளைத் திரும்ப நனைத்தபோது 4 க்கு இறங்கிவிட்டது. பிரசல்ஸில் மாதக்கணக்காக நடக்கிற கதை இங்கே அரை நாளில் பாதிக்கு மேல் நடந்துவிடுகிறது. எங்கள் வெக்கைக்கு அவ்வளவு வேகம். கியூஸ் பத்து இருபது வருசமும் நிலவறையில் கிடக்கும் என்கிறார்கள். கள்ளுக்கு நாளைக்கு என்று ஒன்று இல்லை. பாளை வெட்டு வாங்கின நேரத்தில் இருந்து மணிக்கூடு ஓடுகிறது, அதற்குள் இறக்கி, கொண்டுபோய்ச் சங்கத்தில் கொடுத்துவிடவேணும்.

அதனால்தான் அவர் கியூஸைக் குடித்துவிட்டுக் கேட்ட கேள்வி எங்களைப் பிடித்துக்கொண்டது.

முதலில் மணந்தார். பிறகு ஒரு மிடறு வாயில் வைத்துக் கன்னத்துக்குள் உருட்டினார். நாங்கள் போனில் வாசித்துப் பழகியதை அவர் பழக்கத்தில் செய்தார். “பழுதில்லை. வடிவாப் புளிச்சிருக்கு, ஆனா வினாகிரி ஆகேல்ல. அதிலதான் கெட்டித்தனம்” என்றார். காற்றுப் பட விட்டால் புளிப்பு வினாகிரிப் பக்கம் போய்விடும். பீப்பாயில் அதைத் தடுக்கத்தான் மேலே படர்கிற மதுவப் படையைக் கலைக்காமல் விடுகிறார்கள் என்று நாங்கள் வாசித்திருந்தோம். அவர் ஒரு மிடறில் கண்டுபிடித்துவிட்டார்.

“எத்தினை நாள் வச்சிருக்கிறாங்கள்?”

“மூண்டு வருசம் வரைக்கும், அப்பா.”

“மூண்டு வருசம்?” கொஞ்ச நேரம் போத்தலைப் பார்த்தார். “அதுவரைக்கும் அவங்களுக்குச் சாப்பாடு ஆர் குடுக்கிறது?”

எங்களிடம் பதில் இல்லை. பிரசல்ஸிலும் அந்தக் கேள்வி இருந்திருக்கிறது. ஒரு காலத்தில் அந்த நகரத்தைச் சுற்றி நிறைய லாம்பிக் ஆலைகள் இருந்தன. இனிப்பான, மலிவான, தூய லாகர் வந்தபிறகு ஒவ்வொன்றாக மூடினார்கள். கான்தியோன் குடும்பமும் 1978 இல் ஆலையையே ஒரு நூதனசாலையாகத் திறந்து, காசு கொடுத்து வருகிறவர்களுக்குத் தங்கள் வேலையைக் காட்டித்தான் தப்பிப் பிழைத்தது. இப்ப உலகம் முழுக்க இருந்து ஆக்கள் அந்தச் சிலந்தி வலையைப் பார்க்கப் போகிறார்கள். 2016 இல் பெல்ஜியத்தின் பியர்ப் பண்பாட்டை யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அந்தச் செய்தியை நாங்கள் அவருக்குச் சொன்னோம். சொல்லும்போதே அது ஒரு மாதிரித்தான் இருந்தது. அவர் நக்கலாக ஒன்றும் சொல்லவில்லை. “நல்லது. அங்க தொழில் செய்யிறவனை வீட்டுக்குள்ள கூப்பிடுவினம் போல” என்றார்.

மகன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவரும் அவனைப் பார்க்கவில்லை. ‘தோட்டம்’ விசயம் அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, நாங்கள் கேட்கவில்லை. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் ஒன்று சொன்னான். அவர்தான் அப்படிச் சொல்லச் சொன்னவராம், கம்பஸுக்கு வெளிக்கிட்ட முதல் நாள்.

அப்பம் சாப்பிட்டோம். அவனுடைய அம்மா இராத்திரியே மா கரைத்து வைத்திருந்தா. ஓரம் மொறுமொறுப்பு, நடு மெத்தென்று, பின்னால் மெல்லிய புளிப்பு. எட்டு, ஒன்பது வரை எண்ணினோம், பிறகு விட்டுவிட்டோம். இந்தக் கட்டுரையில் சுவைக்குப் புள்ளி போடவேண்டும் என்றால் அந்த அப்பத்துக்குத்தான் போடுவோம். கியூஸ் இரண்டாவது. லாகருக்குப் புள்ளியில்லை, அனுதாபம் மட்டும்.

நாலு மணிக்கு அவர் திரும்பவும் தளநாரை எடுத்தார். பாளைக் கத்தியைத் தீட்டுகிற சத்தம் கேட்டது. நாங்கள் போத்தலை எடுக்கப் போனால் அவனுடைய அம்மா அதை ஏற்கனவே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தா. கனமான போத்தல், நல்லெண்ணெய் விட்டு வைக்க நல்லதாம். லேபிள் வடிவாயிருக்கெண்டு அதை மட்டும் உரிக்கவில்லை.